ஆஃப் என்று காட்டும் ஸ்விட்ச் கரன்டை வெட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்வது பற்றிப் போன வாரம் நீங்கள் போட்டிருந்த குறிப்புகளில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். டச் ஸ்விட்ச், ரிமோட் வைத்திருக்கும் வீடுகளில் ஃபேனை அதிலேயே அணைத்துவிட்டு, மேலே வயர் இணைப்பை மூடியிருக்கும் கிண்ணத்தை இறக்கி உள்ளேயும் துடைத்துவிடலாம், மெயின் போர்டு வரை போக வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அது தப்பு, ஆளை ஏணியிலிருந்து தள்ளிவிடக்கூடிய தப்பு. திருநெல்வேலியில் 28 வருஷமாக வயரிங் வேலையும் ஃபேன், மோட்டார் ரிப்பேரும் பார்த்து வருகிறேன். என் கண் முன்னால் ஒரு பையன் அப்படி விழுந்திருக்கிறான். அதனால்தான் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது, முழுவதும் படியுங்கள்.

போன வருஷம் ஆடி மாசம். புதிதாகக் கட்டிய வீடு, ஒவ்வொரு அறையிலும் கண்ணாடி போட்ட டச் போர்டு. ஹால் ஃபேனை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் அந்த வீட்டுப் பெரியம்மா படுத்த படுக்கையாக இருந்தார், அவருடைய காற்றுப் படுக்கைக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு அறைக்கும் சேர்த்து மெயின் போர்டில் ஒரே எம்சிபி, அதாவது கையால் இறக்குகிற பிரேக்கர் ஸ்விட்ச். அதனால் மெயினை இறக்காமல் டச் போர்டில் ஃபேனை ஆஃப் செய்தோம். என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஏணியில் ஏறி, கிண்ணத்தை இறக்கி, கனெக்டரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "அண்ணாச்சி, டெஸ்டர் எரியல" என்றான். "சரிடே, நியூட்ரல மொதல்ல கழட்டு" என்றேன். அவன் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஃபேன் பக்கத்து வயரை உருவினான், இடது கை ஃபேன் தொங்கும் ராடைப் பிடித்திருந்தது, உருவின வயரின் நுனி வலது கையில் பட்டது, அவ்வளவுதான். ஒரு சத்தம் போட்டுக் கையை உதறினான், ஏணி சாய்ந்தது, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் தானாக விழுந்து வெட்டுகிற ஸ்விட்ச், போட்டிருந்தார்கள். அது விழவே இல்லை.

டெஸ்டர் எரியாவிட்டால் தைரியமாகக் கை வை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அந்த வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது. சாதாரணத் தட்டு ஸ்விட்ச் காலத்தில் அந்தப் பாடம் பெரும்பாலும் ஓடிவிட்டது. இந்தக் காலத்து ஸ்விட்சில் ஓடாது. ஏன் ஓடாது என்பதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

செமிகண்டக்டர், அதாவது குறைகடத்தி, என்ற வார்த்தை இப்போது உங்கள் பேப்பரில் தினமும் வருகிறது. படிக்கிறவர்கள் செல்போன் சிப்பைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுச் சுவரிலேயே, ஃபேன் ரெகுலேட்டருக்குள், டச் போர்டுக்குள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரில் மெஷினுக்குள், மூன்று கால் வைத்த ஒரு கறுப்புத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ட்ரையாக். கடையில் 15, 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பிடி136 என்ற ட்ரையாக்கை நான் ஆயிரக்கணக்கில் மாற்றியிருப்பேன். 230 வோல்ட் ஏசியை நேரடியாகத் திறந்து மூடும் செமிகண்டக்டர் ஸ்விட்ச் அதுதான்.

அது வேலை செய்யும் விதத்தை வயல்காட்டு ஆளுக்கு ஒரு நிமிஷத்தில் புரிய வைத்துவிடலாம். மடையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மடையைத் திறக்க லேசாக ஒரு தட்டு போதும். ஆனால் திறந்துவிட்ட பிறகு நீங்கள் என்ன செய்தாலும் மூடாது, வாய்க்காலில் தண்ணீர் தானாக வற்றினால்தான் மூடிக்கொள்ளும். ட்ரையாக்கும் அப்படித்தான். கேட் என்ற காலில் சில மில்லி ஆம்பியர் கொடுத்தால் திறந்துகொள்ளும், அப்புறம் கேட்டை விட்டாலும் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் கரன்ட் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, பக்கமாக இறங்கும்போதுதான் அது அணையும். பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் டிசி கரன்டில் இதை மாட்டினால் ஒரு தடவை திறந்ததோடு சரி, மூட வழியில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை சுழியைத் தொடுகிறது, ஆக விநாடிக்கு 100 தடவை வாய்க்கால் வற்றுகிறது. 10 மில்லி விநாடிக்கு ஒரு தடவை மடை தானாக மூடிக்கொள்கிறது, நாம் மறுபடி தட்டித் திறக்க வேண்டும். எப்போது தட்டுகிறோம் என்பதில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. அலை கிளம்பின உடனே தட்டினால் முழு கரன்ட் போகும். 5 மில்லி விநாடி கழித்து, அலை உச்சியில் இருக்கும்போது தட்டினால், மீதிப் பாதி மட்டும் போகும். இன்னும் தாமதித்தால் வால் மட்டும்தான்.

ஃபேன் ரெகுலேட்டரைத் திறந்து பார்த்தால் இதைச் செய்வது மொத்தமே ஐந்தாறு சாமான்தான். திருகுகிற குமிழ் ஒரு மாறும் ரெசிஸ்டன்ஸ். அதன் வழியாக ஒரு சின்ன கண்டென்சர் நிரம்புகிறது. அது 32 வோல்ட்டைத் தொட்டதும் டயாக் என்ற ஒரு பொடி சாமான் சட்டென்று திறந்து, கண்டென்சரில் இருந்ததை அப்படியே ட்ரையாக்கின் கேட்டில் கொட்டிவிடும். ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் கண்டென்சர் நிரம்ப நேரமாகும், தட்டு தாமதமாகும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். இதே மாதிரி சுற்று போட்ட லைட் டிம்மரில் ஒன்று கவனித்திருப்பீர்கள், குமிழைக் குறைவில் வைத்துப் போட்டால் பல்பு எரியாது, கொஞ்சம் கூட்டி எரியவிட்டுப் பிறகு குறைத்தால் அதே இடத்தில் எரியும். டிம்மர் கெட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். கெடவில்லை. ஒரு தடவை டயாக் தட்டிய பிறகு கண்டென்சரில் மிச்சமிருக்கும் சார்ஜ் மாறிவிடுகிறது, அதனால் அடுத்த தடவை சீக்கிரமே 32ஐத் தொட்டுவிடுகிறது, வேறொன்றும் இல்லை.

இது நல்ல கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் வேலை பழகும்போது ரெகுலேட்டர் என்றால் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே கம்பி சுற்றிய ரெசிஸ்டன்ஸ், வெயில் காலத்தில் தொட்டால் கை சுடும். ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் அந்த மிச்சக் கரன்ட் பெட்டியில் சூடாகப் போய்க்கொண்டிருக்கும். ட்ரையாக் அப்படி இல்லை. திறந்திருக்கும்போது அதன் மேல் விழுவது ஒன்றேகால் வோல்ட் அளவுதான், 75 வாட் ஃபேன் இழுப்பது மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர், ஆக அது தின்பது அரை வாட் கூட இல்லை. மூடியிருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே தின்பதில்லை. கரன்டைத் தடுத்து எரிப்பதற்குப் பதிலாக வேளை பார்த்துத் திறப்பது, அதனால்தான் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது.

1957ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் எஸ்சிஆர் என்ற பெயரில் இதன் அண்ணனைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பெரிய ஏசியைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளும் இரும்புத் தொட்டிகளும்தான். எஸ்சிஆர் ஒரு திசையில் மட்டும் விடும். இரண்டு திசையிலும் விடுகிற ட்ரையாக் 1960களில் வந்தது. இந்த நான்கு அடுக்கு சிலிக்கான் ஸ்விட்ச் வேலையில் ஆரம்பத்திலிருந்தே இருந்த நிக் ஹோலோன்யாக்தான் 1962ல் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்ஈடியையும் செய்தார். டிம்மருக்கும் எல்ஈடிக்கும் ஒரே ஆள் அடிப்படை போட்டிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

வெட்டி வெட்டி விடுவதால் சில தொந்தரவுகள் வரும். வளைவாக வர வேண்டிய அலை செங்குத்தாக எழும்பும்போது ஃபேன் காயிலும் தகடும் அதிரும், ரீங்காரம் கேட்கும். பேரிங் போச்சு என்று சொல்லி ஃபேனை இறக்கச் சொல்வார்கள். முதலில் ரெகுலேட்டரை முழுசாக வைத்துப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் பேரிங்கில் கோளாறு இல்லை. கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டரில் இந்தச் சத்தம் வராது, அதில் அலை வெட்டுப்படுவதில்லை. ரேடியோவில் மீடியம் வேவ் கேட்கிறவர்களுக்கு டிம்மர் போட்டதும் கரகரவென்று வருமே, அதுவும் இந்தச் செங்குத்து வெட்டினால்தான். உள்ளேயே எலக்ட்ரானிக் போர்டு வைத்து 30 வாட் சுற்று வட்டாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு முன்னால் பழைய ரெகுலேட்டரை விட்டுவைத்து அதைக் குறைத்தால் ஃபேனுக்குள் இருக்கும் போர்டே போய்விடும், ரெகுலேட்டரைக் கழற்றி நேராகக் கொடுக்க வேண்டும். இதைக் கடைக்காரர்கள் பாதிப் பேர் சொல்வதில்லை.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வெட்டுப்பட்ட அலையை 300 ரூபாய் மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. அலையின் பாதியில் தட்டி விடும்போது பல்புக்குப் போகும் உண்மையான வோல்டேஜ் 163. மலிவு மீட்டர் சராசரியை எடுத்து முழு அலை என்று நினைத்துக் கணக்குப் போடுவதால் 115 என்று காட்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் மீட்டர் வாங்குங்கள்.

சரி, பையன் விழுந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தட்டு ஸ்விட்சை ஆஃப் செய்தால் உள்ளே இரண்டு பித்தளைத் துண்டு விலகி நடுவில் காற்று வந்துவிடுகிறது. ட்ரையாக்கை ஆஃப் செய்தால் எதுவும் விலகுவதில்லை. ஃபேஸும் ஃபேனுக்குப் போகும் வயரும் அதே சிலிக்கான் துண்டின் இரண்டு பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அதோடு, பெரும்பாலான போர்டுகளில் ட்ரையாக்குக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கண்டென்சரும் சேர்த்துப் போட்டிருப்பார்கள், ஸ்னப்பர் என்று பெயர். அது தேவைதான். ஃபேன், மோட்டார் மாதிரி காயில் உள்ள சாமானில் கரன்ட் வோல்டேஜுக்குப் பின்னால் வரும். கரன்ட் வற்றி மடை மூடுகிற அந்தக் கணத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே மேலே போயிருக்கும், மூடின மடை மேல் சட்டென்று அது மோதினால் யாரும் தட்டாமலே ட்ரையாக் மறுபடி திறந்துகொள்ளும். அந்த மோதலை மெதுவாக்கத்தான் ஸ்னப்பர். ஆனால் ஏசிக்குக் கண்டென்சர் ஒரு வழி. அந்த வீட்டு போர்டை நான் பிறகு திறந்து பார்த்தேன், 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் இருந்தன. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டென்சர் 7 மில்லி ஆம்பியர் விடும். ட்ரையாக் முழுசாக மூடியிருந்தாலும் விடும்.

இப்போது பையனின் டெஸ்டர் ஏன் எரியவில்லை என்று பாருங்கள். ஃபேன் மாட்டியிருக்கும்போது அந்த 7 மில்லி ஆம்பியரை ஃபேன் காயில் அப்படியே நியூட்ரலுக்கு இறக்கிவிடுகிறது. அன்று சாயங்காலமே அதே கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஃபேன் மாட்டியிருக்கையில் 5 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டியது. 5 வோல்ட்டுக்கு நியான் டெஸ்டர் எரியாது. நியூட்ரலைக் கழற்றின அந்த நொடியில் இறங்கும் வழி போய்விட்டது, ஃபேன் காயில் மொத்தமும், நான் கழற்றச் சொன்ன வயரின் நுனி உள்பட, 220க்கு மேல் ஏறிவிட்டது. ஃபேஸை முதலில் கழற்றியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது, போர்டிலிருந்து வரும் வயரின் நுனி அதே மாதிரி உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். தொடுவதற்கு முன்னால் செத்தது மாதிரி இருந்த வயர், கழற்றினதும் உயிர் பெற்றுவிடுகிறது. இதைவிட ஆபத்தான குணம் ஒரு ஸ்விட்சுக்கு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

7 மில்லி ஆம்பியர் சாதாரணமாக ஆளைக் கொல்லாது. ஆனால் நன்றாக அடிக்கும், உடம்பு உதறும், ஏணி மேல் நிற்கிறவனுக்கு அந்த உதறல் போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பது 15க்குக் கீழே விழக்கூடாது என்ற கணக்கில் செய்யப்பட்டது, அதனால் 7க்கு அது அசையாது. இதில் ஆர்சிசிபியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவேளை அந்த நேரத்தில் ட்ரையாக்கே பழுதாகி உள்ளே ஒட்டியிருந்தால் 7 மில்லி ஆம்பியரோடு நின்றிருக்காது.

இதே கசிவைத்தான் ராத்திரியில் எல்ஈடி பல்பில் பார்க்கிறீர்கள். ஆஃப் செய்த பிறகும் லேசாக மினுங்கும், சில பல்பு விட்டு விட்டுப் பளிச்சிடும். பழைய வீடுகளில் ஸ்விட்ச் போர்டுக்கு நியூட்ரல் வயரே இழுத்திருக்க மாட்டார்கள், அங்கே மாட்டுவதற்கென்று நியூட்ரல் தேவைப்படாத டச் ஸ்விட்ச் விற்கிறார்கள். அதன் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் எதைத் தின்று உயிரோடு இருக்கும்? பல்பு வழியாகத்தான் கொஞ்சம் கரன்டை எப்போதும் ஓடவிட்டுத் தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அந்தக் கரன்ட் தெரியவே தெரியாது. 5 வாட் எல்ஈடி அதற்கே மினுங்கிவிடும். பல்புக்குக் குறுக்கே போட ஒரு சின்ன கண்டென்சரைச் சில கம்பெனிகள் பெட்டியோடு தருகிறார்கள், அதைப் போட்டால் மினுங்கல் நின்றுவிடும். கசிவு நிற்காது. மினுங்கல் நின்றதால் ஹோல்டர் செத்துவிட்டது என்று நினைத்து யாரும் விரலை விடாதீர்கள்.

அப்புறம் இந்த ஸ்விட்ச் கெட்டுப்போகிற விதம். தட்டு ஸ்விட்ச் கெட்டால் பெரும்பாலும் போட்டாலும் எரியாது. ட்ரையாக் கெட்டால் பெரும்பாலும் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அணைத்தாலும் அணையாது. ரெகுலேட்டரை எங்கே வைத்தாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கொண்டுவருகிறார்கள், அத்தனையும் ஒட்டின ட்ரையாக்தான். சில சமயம் ஒரு திசை மட்டும் ஒட்டும். அப்போது அது பாதி அலையை மட்டும் விடுகிற டயோடு மாதிரி ஆகிவிடும், ஃபேனுக்கு டிசி போகும், ஃபேன் சுற்றாமல் உறுமிக்கொண்டு வைண்டிங் வாசனை வரும். அப்படி உறுமினால் காத்திருக்காமல் மெயினை இறக்கிவிடுங்கள்.

வீட்டு ஃபேனில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவே. அடுப்பில் இது தீ. இங்கே ஒரு பேக்கரியில் மின்சார ஓவனுக்கு எஸ்எஸ்ஆர், அதாவது உள்ளே ட்ரையாக்கோ இரண்டு எஸ்சிஆரோ வைத்த ரிலே, போட்டிருந்தார்கள். ஹீட்டர் மாதிரி சாமானுக்கு அலையை வெட்ட வேண்டியதில்லை, சுழியில் தொடங்கிச் சில விநாடி முழுசாக விட்டுச் சில விநாடி நிறுத்தினால் போதும், வேலை சுத்தமாக நடக்கும். கன்ட்ரோலரில் 180 டிகிரி வைத்திருந்தார்கள். நான் போனபோது 260ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரின் விளக்கு அணைந்துதான் இருந்தது, அது எப்போதோ நிறுத்தச் சொல்லிவிட்டது, எஸ்எஸ்ஆர் நிறுத்தவில்லை. கழற்றிப் பார்த்தால் 40 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருக்கிறது, அடியில் வைத்திருந்த அலுமினியத் தகடோ சோப்புக் கட்டி அளவு. 20 ஆம்பியர் ஓடினால் அது 25 வாட் சூட்டைக் கக்கும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் எந்தக் கம்பெனி சாமானும் ஒட்டிக்கொள்ளும். இப்போது அந்த ஓவனில் தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டும் அது இயக்குகிற கான்டாக்டரும், அதாவது காந்தத்தால் இழுபடும் பெரிய ஸ்விட்சும், வைத்திருக்கிறேன், எஸ்எஸ்ஆர் ஏமாற்றினாலும் கான்டாக்டர் வெட்டிவிடும். அதற்கு ஆன செலவு ஒரு நாள் ரொட்டி வியாபாரம் கூட இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது மோட்டார்தான். கிணற்று மோட்டாருக்கும் மில் மோட்டாருக்கும் இப்போது சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைக்கிறார்கள், நல்லதுதான். மோட்டார் ஒரேயடியாக முழு வோல்டேஜில் கிளம்பும்போது ஓடுகிற கரன்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும், பைப்பும் கப்ளிங்கும் குலுங்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு எஸ்சிஆர், மூன்று ஃபேஸுக்கு ஆறு. அலையின் வாலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டலை முன்னால் கொண்டுவந்து மோட்டாரை நோகாமல் கிளப்பிவிடும், ஓடத் தொடங்கியதும் பைபாஸ் கான்டாக்டர் பிடித்துக்கொள்ளும். ஆனால் விலை குறைக்க இரண்டு ஃபேஸுக்கு மட்டும் எஸ்சிஆர் வைத்து மூன்றாவதை நேராக மோட்டாருக்கு விட்டுவிடும் மாடல்கள் உண்டு. அந்த மாடலில் ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கும், சத்தம் அடங்கும், விளக்கு மாறும், மோட்டார் பெட்டியில் மட்டும் ஃபேஸ் அப்படியே இருக்கும், அதுவும் 7 மில்லி ஆம்பியர் கசிவாக இல்லை, முழு ஃபேஸ். கிணற்றடி ஈரத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, மோட்டார் நின்றுவிட்டது என்று டெர்மினல் மூடியைத் திறக்கிற விவசாயிக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறவர்கள் அதற்கு முன்னால் கையால் இறக்குகிற மெயின் ஸ்விட்சோ எம்சிசிபி என்ற பெரிய பிரேக்கரோ கட்டாயம் வையுங்கள், அதை இறக்காமல் மோட்டாரைத் தொடாதீர்கள்.

இந்தச் சாமானையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே குடும்பத்து எஸ்சிஆர்தான் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் 800 கிலோ வோல்ட் டிசி லைனின் இரண்டு முனையிலும் ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றுகிறது. அந்த லைனின் திறன் 6,000 மெகாவாட். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோ வோல்ட், 2,000 மெகாவாட் லைனில், எப்போது வேண்டுமானாலும் மூடவும் திறக்கவும் முடிகிற ஐஜிபிடி வைத்திருக்கிறார்கள். செமிகண்டக்டர் ஸ்விட்சின் உச்சம் நம் ஊரிலேயே இருக்கிறது, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட நிலையங்களில் எஸ்சிஆர் அடுக்கி வைத்திருக்கும் கூடத்துக்குள் ஆள் போக வேண்டுமென்றால், எஸ்சிஆரை ஆஃப் செய்துவிட்டோம் என்று யாரும் உள்ளே நுழைவதில்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி இடைவெளி விட்டு விலகும் ஐசொலேட்டர் ஸ்விட்சைப் பிரித்து வைத்து, எர்த் ஸ்விட்சைப் போட்டு, அப்புறம்தான் கதவே திறக்கும். அத்தனை படித்த பொறியாளர்களே அணைந்த செமிகண்டக்டரை நம்பிக் கை வைப்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் ஸ்டூலில் ஏறி ஈரத்துணியோடு அதை நம்ப வேண்டும் என்று எப்படி எழுதலாம்?

ரிமோட் ஃபேனுக்கும் இதே கதைதான். ரிமோட்டில் அணைத்தால் மோட்டார் மட்டும் நிற்கிறது, மேலே இருக்கும் போர்டுக்கு 230 வோல்ட் போய்க்கொண்டே இருக்கிறது, அது ரிமோட்டின் அடுத்த அழுத்தலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளை சோபாவில் கிடக்கும் ரிமோட்டை எடுத்து அமுக்கினால், துடைக்கிறவர் கையில் இறக்கை இருக்கும்போதே சுற்றும்.

டச் போர்டு விற்கும் கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் பாட்டு, நிறம், செல்போன் ஆப் என்று எல்லாம் அச்சடிக்கிறார்கள். இந்த ஸ்விட்சை அணைத்தாலும் வயரில் மின்சாரம் இருக்கும், வேலை செய்யுமுன் மெயினை இறக்கவும் என்று தமிழில் ஒரு வரி, பெரிய எழுத்தில், அந்தப் பெட்டி மேலும் போர்டின் முதுகிலும் இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்க வேண்டும். எல்லா டச் போர்டும் ட்ரையாக் இல்லை, உள்ளே டிக் என்று சத்தம் கேட்கும் ரிலே வைத்தவையும் உண்டு, அவை பரவாயில்லை, ஆனால் எது எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. பெட்டியில் அதையும் போடட்டும். ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவில் ட்ரையாக்கைப் படமாக வரையச் சொல்லி மார்க் போடுவதோடு நிறுத்தாமல், ஒரு டச் போர்டையும் ஒரு ஃபேனையும் மேசையில் வைத்து, நியூட்ரலைக் கழற்றினதும் மீட்டர் 5லிருந்து 220க்குத் தாவுவதைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் போதும். என்னுடைய பையனுக்கு அந்த அரை மணி நேரத்தை நான் முன்னாடியே கொடுத்திருக்க வேண்டும். இப்போது அவன் குணமாகி மறுபடி என்னோடு வேலைக்கு வருகிறான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்கிறான்.

உங்களிடம் கேட்பது, பொங்கலுக்கு முன்னால், அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம். ஃபேனையோ லைட்டையோ துடைக்கும் முன் அந்த அறையின் எம்சிபியை இறக்குங்கள், எது என்று தெரியாவிட்டால் வீட்டு மெயினையே இறக்குங்கள், டச் ஸ்விட்சையும் ரிமோட்டையும் ரெகுலேட்டரையும் நம்பாதீர்கள், டெஸ்டர் எரியவில்லை என்பதையும் நம்பாதீர்கள் என்று போட்டால் போதும். அந்த வீட்டுக்காரர் கழற்றிக் கொடுத்த கண்ணாடி போர்டு என் கடை மேசையில்தான் இருக்கிறது, ஒரு பழைய ஃபேனோடு இணைத்தே வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் யாராவது மீட்டரோடு வந்தால் நியூட்ரலைக் கழற்றிக் காட்டுகிறேன், படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் வேலைக்காரர்,
திருநெல்வேலி